கம்பியின்றிப் பேசும் முரசு

ஆற்றின் இக்கரையில் நின்றுகொண்டு, அக்கரையில் துணி துவைப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? துணியை ஓங்கிக் கல்லில் அடிக்கிறார். அடி விழுவதைக் கண் அப்போதே பார்த்துவிடுகிறது. ஆனால் 'பட்' என்ற ஓசை நம் காதுக்கு வந்து சேர்வதற்குள் அவர் கை மறுபடி மேலே போயிருக்கும். காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஒலியோ காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்கிறது. ஆற்றின் அகலம் 170 மீட்டர் என்றால் ஓசை அரை விநாடி பிந்தி வரும்.

துணி துவைப்பவருக்கு இதனால் தொல்லை ஒன்றும் இல்லை. அவருக்கு அடியும் ஓசையும் ஒன்றாகவே தோன்றுகின்றன. இப்போது சற்று மாற்றிக் கற்பனை செய்யுங்கள். அவர் அடித்த அடியின் ஓசை அவர் காதிலேயே அரை விநாடி கழித்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் துணி வெளுத்துவிடும். ஆனால் அவர் டிரம் வாசிப்பவராக இருந்தால், இரண்டாவது அடியிலேயே தாளம் தடுமாறிவிடும். அரை விநாடிகூட வேண்டாம். அதில் இருபதில் ஒரு பங்கு பிந்தினாலே தேர்ந்த கலைஞரின் கை அதனை உணர்ந்துவிடும்.

தோல் கட்டிய டிரம்மைப் போலவே தோற்றமளித்து, அடியை மின்சாரமாக்கி, ரேடியோ அலை மூலம் அனுப்பி ஒலிக்கச் செய்யும் கருவிகள் இப்போது வந்துள்ளன. இவற்றை அமைக்கும் பொறியாளர்கள் இந்தச் சின்னஞ்சிறு தாமதத்தோடுதான் போராட வேண்டியிருக்கிறது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் செல்வதாயிற்றே, பிறகு தாமதம் எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கம்பி ஏன் வேண்டாம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் மெல்லிசை நிகழ்ச்சி நடந்தது. நான் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். மேடையில் ஓர் இளைஞர் மின்னணு டிரம் வாசித்துக்கொண்டிருந்தார். மைக்கைச் சரிசெய்ய வந்த ஒருவரின் கால் ஏதோ ஒரு வயரில் சிக்கியது. மறுகணம் டிரம் ஊமையாகிவிட்டது. குச்சி ஏறி இறங்குகிறது, ஓசை இல்லை! அவையில் சிரிப்பு எழுந்தது. அந்த இளைஞரின் முகம் வாடிப்போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடம் சென்று கருவியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பத்துக்கு மேற்பட்ட வயர்கள் கொடிபோல் பின்னிக் கிடந்தன. "சார், நான் வாசிக்கக் கத்துக்கிட்டதைவிட இந்த வயருங்களைச் சரிபார்க்கக் கத்துக்கிட்டதுதான் அதிகம்" என்றார் அவர்.

டிரம் செட் என்பது ஒரு கருவியன்று; ஒரு குடும்பம். காலால் மிதித்து ஒலிக்கும் பேஸ் டிரம் ஏறத்தாழ 56 செ.மீ. குறுக்களவு உடையது. மடியருகே ஸ்நேர் டிரம், எதிரே சிறியதும் பெரியதுமாக டாம் டிரம்கள், சுற்றிலும் வெண்கலத் தட்டுகளாகிய சிம்பல்கள். மின்னணு முறையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வயராவது வேண்டும். ஒன்று நழுவினாலும் தாளத்தில் பல் விழுந்த கதைதான்.

தோல் டிரம்மையே வாசித்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அதன் ஓசை வாசிப்பவரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டும். அடுக்குமாடி வீட்டில் இரவு எட்டு மணிக்குப் பயிற்சி செய்தால் அண்டை வீட்டார் சும்மா இருப்பார்களா? மின்னணு டிரம்மில் ஓசையைக் காதணிக் கருவிக்குள் அடக்கிவிடலாம்.

கைக்கு ஏற்ற தோல்

மின்னணு டிரம்மின் வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டுதான். 1976-இல் அமெரிக்காவில் ஜோ பொல்லார்டு 'சின்டிரம்' என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1981-இல் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் நிறுவனம் அறுகோண வடிவப் பலகைகளைக் கொண்ட டிரம்மை வெளியிட்டது. அதன் ஓசை உலகெங்கும் புகழ் பெற்றது. ஆனால் பலகைகள் பாலிகார்பனேட் என்ற கடினமான பிளாஸ்டிக்கால் ஆனவை. குச்சி துள்ளி எழ இடமில்லை. அடியின் அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டில் இறங்கியது. பலர் கைவலியால் அவதிப்பட்டனர்.

நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுகூருங்கள். குச்சி தோலைத் தள்ளுகிறது. தோல் குச்சியைத் திருப்பித் தள்ளுகிறது. தேர்ந்த கலைஞர் ஒவ்வோர் அடிக்கும் கையை ஓங்குவதில்லை. தோல் தரும் எதிர்விசையிலேயே அடுத்த அடியைப் பெற்றுக்கொள்கிறார். இதனை உணர்ந்த ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம், 1997-இல் வலைபோல் நெய்த செயற்கை இழைத் தோலைப் பயன்படுத்தியது. இழுத்துக் கட்டிய வலை குச்சியைத் துள்ளவிடும். ஆனால் அதன் துளைகள் வழியே காற்று நழுவிவிடுவதால் ஓசை மிகக் குறைவு.

அடுத்த படி எளிதில் ஊகிக்கக் கூடியதே. உண்மையான மர டிரம்மிலேயே வலைத் தோலைக் கட்டி, உள்ளே உணரியைப் பொருத்திவிட்டால்? மேடையில் சாதாரணத் தோல், வீட்டில் வலைத் தோல். கருவி ஒன்று, பயன் இரண்டு.

அடி மின்சாரமாவது எப்படி?

உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு விடை இருக்கிறது. காஸ் அடுப்பைப் பற்றவைக்க 'டிக்' என்று அழுத்தும் லைட்டரைப் பாருங்கள். அதற்குள் பாட்டரி இல்லை. ஆயினும் தீப்பொறி பறக்கிறது. உள்ளே ஒரு சுருள்வில் சிறு சுத்தியலை விடுவிக்கிறது. அது ஒரு படிகத்தை அடிக்கிறது. அடிபட்ட படிகத்தின் இரு முகங்களுக்கிடையே சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தோன்றுகிறது.

இந்த விளைவை 1880-இல் பிரான்சு நாட்டில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்தனர். தம்பி பியேருக்கு அப்போது வயது 21. குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷெல் உப்பு, ஏன், கரும்புச் சர்க்கரைப் படிகம்கூட அழுத்தினால் மின்னேற்றம் பெறுவதை அவர்கள் காட்டினர். இதுவே அழுத்த மின் விளைவு எனப்படும். பிற்காலத்தில் மேரி கியூரி, கதிரியக்கத்தால் உண்டாகும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்க இதே குவார்ட்ஸ் படிகத்தைத்தான் பயன்படுத்தினார்.

டிரம்மில் உள்ள உணரி ஒரு ரூபாய் நாணயம்போல் இருக்கும். மெல்லிய பித்தளைத் தகட்டின்மேல் ஒட்டிய பீங்கான் வில்லை அது. தோலுக்கும் வில்லைக்கும் நடுவே ஒரு நுரைக் கூம்பு இருக்கும். குச்சி தோலில் விழுந்ததும் அதிர்வு கூம்பு வழியே இறங்கி வில்லையை வளைக்கும், மின்னழுத்தம் தோன்றும். துப்பாக்கியின் விசையை இழுத்தால் குண்டு பாய்வதுபோல், இந்த மின் துடிப்பு ஓசையை விடுவிக்கிறது. அதனால்தான் இதனை ஆங்கிலத்தில் விசை என்ற பொருள்பட 'டிரிகர்' என்கின்றனர்.

செய்து பாருங்கள்: பழுதான அலாரக் கடிகாரத்திலோ பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலோ இத்தகைய வில்லை கிடைக்கும். அதன் இரு வயர்களையும் ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கின் இரு கால்களோடு இணையுங்கள். அறையை இருட்டாக்கி, வில்லையைப் பென்சிலின் பின்முனையால் தட்டுங்கள். பாட்டரி இல்லாமலே விளக்கு மினுக்கென்று ஒளிரக் காண்பீர்கள். மெல்லத் தட்டினால் மங்கலாகவும், ஓங்கித் தட்டினால் பளிச்சென்றும் ஒளிரும். அடியின் வலிமையை மின்சாரம் எடுத்துச் சொல்வதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள்!

ஓர் அடியா, பல அடிகளா?

அடிபட்ட தோல் ஒருமுறை அதிர்ந்து நின்றுவிடுவதில்லை. அடிப்படை அதிர்வெண்ணோடு அதைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு அதிர்வெண்களும் கலந்து எழுகின்றன. இவை முழு எண் மடங்குகள் அல்ல. ஆகவே வெறும் தோலின் ஓசை வீணையின் ஓசைபோல் இனிய சுருதியாக அமைவதில்லை. நம் மிருதங்கத்தின் நடுவே உள்ள கரிய சாதம் இந்தக் குறையை எவ்வாறு போக்குகிறது என்பதை ஆராய்ந்து 1920-லேயே எழுதியவர் சர் சி.வி. ராமன்.

இவ்வளவு அதிர்வுகளும் உணரிக்குள் வந்து விழுகின்றன. ஒவ்வொரு முகட்டையும் புதிய அடி என்று கருவி எண்ணிவிட்டால், ஒரு தட்டுக்குப் பத்து ஓசை எழும்! ஆகவே உள்ளே இருக்கும் நுண்செயலி மூன்று விதிகளைக் கடைப்பிடிக்கிறது.

முதலாவது, குறிப்பிட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட மின்னழுத்தத்தைப் பொருட்படுத்தாதே. பக்கத்து டிரம்மின் அதிர்வு தாங்கி வழியே வந்து ஏமாற்றக்கூடும். இரண்டாவது, அடி விழுந்தது தெரிந்ததும் அவசரப்படாதே. இரண்டு மில்லி விநாடி, அதாவது ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடி பொறுத்திரு. அதற்குள் எழும் மிக உயர்ந்த முகட்டை அடியின் வலிமையாகக் கொள். மூன்றாவது, ஓர் அடியைப் பதிவு செய்தபின் சிறிது நேரம் காதைப் பொத்திக்கொள். விநாடிக்கு 15 அடி வாசிக்கும் கலைஞரானால் இரு அடிகளுக்கிடையே ஏறத்தாழ 67 மில்லி விநாடி இருக்கும். காதைப் பொத்தும் நேரம் அதைவிட நன்கு குறைவாக இருக்க வேண்டும். இல்லையேல் உண்மையான அடியே தொலைந்துபோகும்.

இரண்டாம் விதியைக் கவனித்தீர்களா? அடியின் வலிமையை அறிய வேண்டுமானால் காத்திருந்தே ஆக வேண்டும். தாமதத்தின் முதல் தவணை இங்கேயே தொடங்கிவிட்டது.

ஓசை வேண்டாம், செய்தி போதும்

அடுத்து, இதனைக் கம்பியின்றி அனுப்ப வேண்டும். ஓசையையே அனுப்பினால் என்ன? குறுந்தகட்டின் தரத்தில் ஓர் ஒலித்தடத்தை எண்களாக்கினால் விநாடிக்கு 44,100 மாதிரிகள்; ஒவ்வொன்றும் 16 இரும இலக்கங்கள். ஆக, விநாடிக்கு 7 லட்சத்து 5 ஆயிரத்து 600 இலக்கங்கள். பத்து டிரம்களுக்கு அதைப்போல் பத்து மடங்கு.

ஆனால் தந்தி அனுப்பிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 'மாமா நாளை காலை வருகிறார்' என்று சொல்ல மாமாவையே தந்தியில் அனுப்ப வேண்டியதில்லை. எந்த டிரம், எவ்வளவு வலிமை என்ற செய்தியை மட்டும் அனுப்பினால் போதும். ஓசை மறுமுனையில் உள்ள நினைவகத்தில் முன்பே பதிவாகிக் காத்திருக்கிறது.

இந்தச் செய்திக்கு ஒரு பொது மொழி 1983-இல் உருவாயிற்று. அதற்கு 'மிடி' என்று பெயர். அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி ஆகியோர் அதற்கு முன்னின்று உழைத்தனர். ஸ்நேர் டிரம்மை ஓங்கி அடித்தால் 153, 38, 100 என்ற மூன்று எண்கள் செல்கின்றன. 153 என்பது 'தாளக் கருவித் தடத்தில் ஓர் அடி'. 38 என்பது ஸ்நேர் டிரம். 100 என்பது 127-க்கு மேற்போகாத வலிமை அளவு. மொத்தம் 24 இரும இலக்கங்கள். ஏழு லட்சம் எங்கே, இருபத்து நான்கு எங்கே!

பஸ் பயணமும் பஸ்ஸுக்குக் காத்திருத்தலும்

டிரம்முக்கும் ஏற்பிக்கும் இடையே 3 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். ரேடியோ அலை அதைக் கடக்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இதனைப் பூஜ்யம் என்றே சொல்லிவிடலாம். ஆகவே தாமதம் பயணத்தில் இல்லை, புறப்படுவதில்தான் இருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு பஸ் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. ஆனால் அரை மணிக்கு ஒரு பஸ்தான். நீங்கள் நிறுத்தத்துக்கு வரும்போது பஸ் நின்றுகொண்டிருந்தால் அதிர்ஷ்டம். இப்போதுதான் போயிற்று என்றால் அரை மணி காத்திருக்க வேண்டும். ரேடியோ செய்தியும் இப்படித்தான். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் வகை 2010-இல் வெளியான விதிகளின்படி, இரு கருவிகளும் சந்திக்கும் இடைவெளி குறைந்தது 7.5 மில்லி விநாடி. இடையில் விழுந்த அடி அடுத்த 'பஸ்' வரும்வரை நிற்க வேண்டும். பாட்டரி தீராதிருக்க, மற்ற நேரம் முழுவதும் ரேடியோ உறங்குகிறது.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஓர் அடி சிறிதும் காத்திராமல் போகிறது. அடுத்தது 7 மில்லி விநாடி காத்திருக்கிறது. மூன்றாவது 3 மில்லி விநாடி. எல்லா அடியும் ஒரே அளவு பிந்தினால், தாமதம் சிறிதாக இருக்கும்வரை கை அதற்குப் பழகிக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு பிந்தினால் எந்தக் கையாலும் பழக முடியாது. சீராக வாசித்தவர் தாளம் தவறியவராகக் கேட்பார். செய்யாத பிழைக்கு அவர் பழி ஏற்க நேரும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அடி விழுந்த நேரத்தைச் செய்தியோடு முத்திரை குத்தி அனுப்புவது. 2015-இல் ஏற்கப்பட்ட புளூடூத் மிடி விதிகளில் இந்த நேர முத்திரை இடம்பெற்றுள்ளது. ஏற்பி, முன்னே வந்தவற்றைச் சற்று நிறுத்திவைத்து எல்லா அடிகளையும் ஒரே அளவு பிந்தச் செய்யும். தாளம் சீராகும், ஆனால் மொத்தத் தாமதம் கூடும். பதிவு செய்த இசைக்கு இது ஏற்றது. மேடைக்கு அவ்வளவாகப் போதாது.

மற்றொன்று, பஸ்ஸை அடிக்கடி விடுவது. விநாடிக்கு 20 லட்சம் இலக்கம் அனுப்பும் ரேடியோவில், முகவரியும் பிழை காணும் எண்களும் சேர்ந்த 160 இலக்கச் செய்தி செல்ல 80 மைக்ரோ விநாடி போதும். பத்து டிரம்களும் ஒருவர் பின் ஒருவராகப் பேசினாலும் 800 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஆசிரியருக்கு எதுவும் விளங்காது. வரிசையாகப் பேசினால் விளங்கும். ஏற்பி ஆசிரியராக இருந்து ஒவ்வொரு டிரம்முக்கும் அதன் முறையைக் குறித்துக் கொடுக்கிறது. டிரம்முக்கென்றே தனி ரேடியோ முறை வகுப்பதன் பயன் இதுதான்.

நெரிசலில் தாவும் அலை

இந்தச் செய்திகள் பெரும்பாலும் 2,400 மெகா ஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் செல்கின்றன. உரிமம் பெறாமலே பயன்படுத்தப் பல நாடுகளில் அனுமதியுள்ள பகுதி இது. அதனாலேயே நெரிசலும் அதிகம். அரங்கில் இருப்போரின் கைப்பேசிகளும் வைஃபை பெட்டிகளும் இங்கேதான் பேசுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இதன் நடுவிலேயே இயங்குகிறது. அலைநீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. ஆதலால் டிரம்மின் உலோக வளையங்களிலும் தாங்கிகளிலும் பட்டுச் சிதறும். நீர் இதனை உறிஞ்சும். நம் உடலில் பெரும்பகுதி நீரே. ஆகவே வாசிப்பவரின் உடலே குறுக்கே சுவராக நிற்கும்!

இதற்கு ஒரு வழி, ஒரே அலைவரிசையில் நிற்காமல் தாவிக்கொண்டே இருப்பது. 1942-இல் இத்தகைய திட்டத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஹெடி லாமர் என்ற திரைப்பட நடிகை. மற்றவர் தானியங்கிப் பியானோக்களை ஒருங்கிணைத்து இசைக்க முயன்ற இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். நீர்மூழ்கிக் குண்டை இயக்கும் ரேடியோ செய்தியைப் பகைவர் கெடுக்காதிருக்க, பியானோவின் கட்டைகளைப்போல் 88 அலைவரிசைகளில் தாவச் செய்யலாம் என்றனர் அவர்கள். புளூடூத்திலும் அலைவரிசைத் தாவல் உண்டு. போருக்காக எண்ணிய தந்திரம் இன்று தாளத்துக்கும் துணை நிற்கிறது.

கூட்டிப் பார்ப்போம்

இனி ஓர் அடியின் முழுப் பயணத்தையும் மில்லி விநாடியில் கணக்கிடுவோம். ஸ்நேர் டிரம்மின் தோலில் அதிர்வு விநாடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் பரவுகிறது. விளிம்பில் அடித்தால் நடுவிலுள்ள உணரியை அடைய 2. முகட்டை அளக்கக் காத்திருப்பது 2. ரேடியோ 1. ஒலியை எழுப்பும் கணினி 128 மாதிரிகளைச் சேர்த்துவைத்து வெளியிடுகிறது. விநாடிக்கு 48,000 மாதிரி வீதம் இதற்கு ஏறத்தாழ 3. மொத்தம் 8. காதணிக் கருவியில் கேட்டால் இதோடு சரி.

சாதாரணத் தோல் டிரம்மிலும் தாமதம் இல்லாமல் இல்லை. டிரம்முக்கும் காதுக்கும் இடையே 70 செ.மீ. என்றால் ஓசை வர 2 மில்லி விநாடி ஆகிறது. இயற்கை விதிக்கும் தாமதம் 2. மின்னணுக் கருவியின் தாமதம் 8. பத்துக்குள் அடங்கினால் கை ஏற்றுக்கொள்ளும் என்பது பொறியாளர் கணக்கு. ரேடியோவுக்கு 1-க்குப் பதில் 7.5 என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள், மொத்தம் 14.5 ஆகிவிடும்.

2022-இல் ரோலண்ட் நிறுவனம், மர டிரம் செய்வதில் புகழ்பெற்ற அமெரிக்காவின் டிரம் வொர்க்‌ஷாப் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. மர உடலும், தோலை மாற்றிக்கொள்ளும் வசதியும், கம்பியில்லா உணரியும் கொண்ட டிரம் செட் 2023-24-இல் அந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. வயர்கள் போயின, ஆனால் பாட்டரிகள் வந்தன. கச்சேரிக்கு முன் வயர்களை எண்ணிய கலைஞர் இனி மின்னேற்றத்தை எண்ண வேண்டும். விலையும் எல்லாருக்கும் எட்டுவதாக இல்லை. அன்று விழாவில் முகம் வாடிய இளைஞரின் கைக்கு இது வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம்.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு கணக்கு. மேடையில் டிரம் கலைஞரிடமிருந்து 5 மீட்டர் தள்ளி ஒலிபெருக்கியை வைத்துவிட்டனர். ஓசை பிந்துகிறது என்று அவர் குறை கூறுகிறார். இன்னும் வேகமான ரேடியோவை வாங்கலாம் என்கிறார் ஒருவர். நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஐந்தை 340-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ 15 மில்லி விநாடி. கருவியின் தாமதம் முழுவதையும் கூட்டினாலும் அதில் பாதியளவே. வாங்க வேண்டியது எதுவும் இல்லை. ஒலிபெருக்கியைத் தூக்கி அவர் பக்கத்தில் வைத்தால் போதும். அக்கரையில் நிற்கும் துணி துவைப்பவரை மறந்துவிடாதீர்கள்!